மிதிப்பதற்கு ஓர் ஆள்

குழி தவறான பக்கத்தில் இருந்தது.

காரை நிறுத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்த ரோசல்பாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அத்தி மரத்துக்கும் வேலிக்கும் நடுவே, வருஷா வருஷம் தோண்டுகிற இடத்தில், குழி இல்லை. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, தோண்டவே கூடாத இடத்தில், ஓரங்கள் நேராகச் செதுக்கப்பட்டு அது கிடந்தது. பக்கத்தில் ஈரமண் குவியல். குவியலின் மேல் மண்வெட்டி. மேட்டு நிலத்துக் காற்று பாப்லர் மரங்களின் மஞ்சள் இலைகளை உருட்டிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அந்தக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தது.

மேட்டு நிலத்து ஊரான கூமாவின் குளிர் அத்திக்கு ஆகாது. அணைக்கட்டு வேலைக்காக வெயில் ஊரான கலாப்ரியாவிலிருந்து கடல் கடந்து வந்த ரோசல்பாவின் அப்பா, கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த குச்சி அது. இங்கே குளிர்காலம் தொடங்குகிற மே மாதத்தில், உறைபனி இறுகுவதற்குள் மரத்தையே படுக்க வைத்துப் புதைத்துவிடுவது அவருடைய வழி. வீட்டுப் பக்கத்து வேர்களை மட்டும் வெட்டிவிட்டு, கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மரத்தை வேலிப் பக்கமாகச் சாய்த்துக் குழியில் கிடத்த வேண்டும். சாக்கும் பழைய கம்பளமும் போர்த்தி, தகரம் மூடி, சருகு கொட்டி, மண்ணைத் தள்ளி, மிதித்து இறுக்க வேண்டும். மரம் மூச்சு விட ஒரு குழாயை நட்டு வைக்க வேண்டும். வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் தோண்டி எழுப்பினால், ஒன்றும் நடக்காதது போல அது துளிர்க்கும்.

வேலிப் பக்கத்து வேர்களை இதுவரை யாரும் தொட்டதில்லை. ஒவ்வொன்றும் மனிதத் தொடை கனம் இருக்கும். அந்த வேர்களை அறுத்து மரத்தை வீட்டுப் பக்கம் சாய்த்தால் அடியோடு முறியும். இது பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அப்பாவிடமே வேலை கற்று, அவர் போன பிறகு தானே ஒவ்வொரு வருஷமும் தோண்டுகிற சவேரியோவுக்குத் தெரியாதா என்ன? அதுவுமில்லாமல், மரத்தின் கிளைகளில் இன்னும் ஒரு கயிறுகூட ஏறவில்லை. குழியும் நீளம் போதாது.

கொட்டகைக்குள்ளிருந்து சவேரியோ வெளியே வந்தான். ரோசல்பாவின் தங்கை மிரெல்லாவின் கணவன். பெரிய கைகள், மெல்லிய குரல். நன்றாகச் சவரம் செய்து, தலையைப் படிய வாரியிருந்தான். மண் வேலை செய்கிற நாளில் அவன் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

"வந்துட்டியா, கடற்கரைக்காரி? வழியில குளிரைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போயிருப்பேன்னு நினைச்சேன்."

"குழி ஏன் இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் காலி இல்ல."

அப்போதுதான் அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். பழைய குழியின் இடத்தில் ஒரு மேடு. சருகும் மண்ணுமாக, ஏற்கெனவே மூடிய மேடு. அதன் தலைமாட்டில் குழாய் நட்டிருந்தது.

"மிரெல்லாவோட டாலியாப் பூக் கிழங்கு எல்லாத்தையும் அங்கதான் படுக்க வெச்சிருக்கேன்," என்றான் அவன். "அவ ஆசைப்பட்டா."

"மரத்தை இந்தப் பக்கம் சாய்ச்சா முறிஞ்சிடும், சவேரியோ."

"ஒண்ணும் முறியாது." அவன் சிரித்தான். சண்டைக்கு வராத சிரிப்பு. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அவ எங்க?"

"தூங்குறா. இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்பாதே."

மிரெல்லாவுக்குப் புற்றுநோய். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம் என்று கான்பராவில் மருத்துவர் சொன்னபோது, இந்தப் பக்கம் ரோசல்பாவும் அந்தப் பக்கம் சவேரியோவும் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார்கள். ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, தங்கையை வுலங்காங்குக்குக் கூட்டிப்போகிறேன், கடலோரத்தில் இவ்வளவு குளிர் இல்லை, மருத்துவமனையும் பக்கத்தில் என்று ரோசல்பா மன்றாடினாள். என் பெண்டாட்டியைக் குளிரிலிருந்து காப்பாற்ற எனக்குத் தெரியும் என்று சவேரியோ கத்தினான். அதன் பிறகு எப்போது தொலைபேசியில் கூப்பிட்டாலும் அவன்தான் எடுத்தான். தூங்குகிறாள். குளிக்கிறாள். இப்போதுதான் மாத்திரை போட்டாள். தங்கையின் குரலைக் கேட்டு வாரங்கள் ஆகிவிட்டன. முந்தாநாள் அவனே கூப்பிட்டு, மரத்தைப் புதைக்க வேண்டும், இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், வா என்றான்.

அவள் வந்தது மரத்துக்காக இல்லை. காரின் பின் இருக்கையில் தலையணையும் இரண்டு கம்பளிகளும் விரித்து வைத்திருந்தாள். அவன் ஒத்துக்கொண்டாலும் சரி, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, பொழுது சாய்வதற்குள் மிரெல்லா அந்த இருக்கையில் படுத்திருக்க வேண்டும். அதுவரை இவனோடு முகத்தைச் சுளிக்காமல் வேலை செய்வது என்று தீர்மானித்திருந்தாள்.

வேலைக்குக் குறைவில்லை. காய்ந்த தக்காளிக் கொடிகளைக் கம்பிலிருந்து அறுத்து எரிக்கக் குவித்தார்கள். பூண்டுப் பற்களை ஊன்றினார்கள். பூசணிகளைக் கொட்டகைக் கூரைமேல் வெயில் படும்படி அடுக்கினார்கள். எலுமிச்சைச் செடியைச் சாக்கால் சுற்றிக் கட்டியபோது, சவேரியோ முடிச்சுப் போட்ட விதத்தை அவள் கவனித்தாள். குழந்தைக்குத் தொப்பி கட்டுகிறவன் மாதிரி, இறுகிவிட்டதா என்று விரலை விட்டு விட்டுப் பார்த்தான். "குளிர் எங்கிருந்து நுழையும் தெரியுமா?" என்றான். "கழுத்துகிட்ட. எதுவா இருந்தாலும் கழுத்துகிட்டதான்."

பிறகு வேலிப் பக்கத்து மேட்டைக் காட்டினான். "இதைக் கொஞ்சம் மிதிச்சிடு. நான் தனியா மிதிச்சேன், சரியா இறுகலை. உன் கால்தான் வேணும்."

மிதிப்பது எப்போதும் அவள் வேலை. சின்ன வயதில் அப்பா கொடுத்த வேலை; குதிகாலை முதலில் ஊன்றி, ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து ஓரத்துக்கு, ஓர் இடம் விடாமல் நடக்க வேண்டும். காற்று நுழைய ஒரு விரல் இடம் இருந்தாலும் உள்ளே இருப்பது செத்துவிடும். அவள் பூட்ஸைத் தட்டிவிட்டு மேட்டின் மேல் ஏறினாள்.

மண் அவளை லேசாகத் திருப்பித் தள்ளியது. சருகு நிறையப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஈரமண்ணின் வாசனைக்குக் கீழே வேறு ஏதோ ஒரு வாசனை, காய்ச்சிய பாலின் வாசனை மாதிரி, வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் கதகதத்தது. நடக்கிற சூடாக இருக்கும். குவளையைக் கவிழ்த்து மூடிய அந்தக் குழாயைச் சுற்றி வரும்போது மட்டும் அவள் காலைச் சுருக்கி வைத்தாள்.

"டாலியாவுக்கு எதுக்குக் குழாய்?"

"எல்லாத்துக்கும் மூச்சு வேணுமில்ல?"

"கிழங்கு மூச்சு விடுமா?"

அவன் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் காலைப் பார்க்கவில்லை, காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்தான். ஒரு தடவை, "அந்த இடத்துல மெதுவா," என்றான். இன்னொரு தடவை, அவள் நிறுத்தியபோது, "இன்னும் கொஞ்சம். உன் கால் நல்ல கால்," என்றான்.

மதியச் சாப்பாட்டையும் அவன் வெளியிலேயே கொண்டுவந்தான். ரொட்டி, காய்ந்த கொத்துக்கறிக் குழல், கோழிச் சாறு. உள்ளே உட்கார்ந்தால் பேச்சுச் சத்தத்தில் அவள் விழித்துவிடுவாள் என்றான். ரோசல்பா கொட்டகைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றபோது, சாற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "அவளுக்குக் கொடுத்துட்டு வந்துடுறேன்," என்று அவன் வீட்டுப் பக்கம் நடந்தான். திரும்பி வந்தபோது பாத்திரம் காலி.

"குடிச்சாளா?"

"முழுசும்."

"எழுந்து உக்காந்தாளா?"

"எதுக்கு எழுந்திருக்கணும்?"

ரோசல்பா தலையை ஆட்டினாள். பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டின் சமையலறைக் கம்பிவலைக் கதவு, அவள் பிறந்ததிலிருந்து, திறக்கும்போது ஒரு கிறீச், மூடும்போது ஒரு கிறீச். எண்ணெய் போட்டு அப்பாவும் தோற்றார், சவேரியோவும் தோற்றான். இப்போது அது சத்தம் போடவில்லை.

அவன் மீதித் தகரத்தைக் கொண்டுவர முன்வாசலுக்குப் போன சமயத்தில், வேலிக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பி எழும்பியது. பக்கத்து வீட்டு க்வெண்டா. கணவன் போன பிறகு, தனக்குத் துணை வேலிதான் என்று சொல்லிக்கொள்கிறவள். மரத்தைப் புதைக்கிற இந்தக் கூத்தை நாற்பது வருஷமாக ஓசியில் பார்த்துச் சிரிப்பவள்.

"என்ன ரோசல்பா, இந்த வருஷ அடக்கம் இன்னைக்கா? பூ ஏதாவது கொண்டு வரட்டுமா?"

"கேக் கொண்டு வா போதும்."

"ஆளுக்கொரு கிறுக்கு. ஆமா, தங்கச்சி எப்படி இருக்கா? நீதான் கூட்டிட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன். ஈஸ்டருக்கு அப்புறம் ஆளையே காணோமே."

"உள்ளதான் இருக்கா. தூங்குறா."

க்வெண்டா கொஞ்சம் தயங்கினாள். குரல் இறங்கியது. "உங்க ஆளு தினம் சாயங்காலம் அந்த மேட்டுப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருக்கான். பாட்டு வேற. வீட்டுல உடம்பு சரியில்லாதப்ப மனுஷனுக்குப் பித்துப் பிடிக்கத்தான் செய்யும், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா என் நாய் இந்த வேலிகிட்டயே வர மாட்டேங்குது. அதுதான் எனக்குப் புரியலை."

"யார்கிட்ட பேசுறான்?"

"அதைத்தான் நானும் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்ல."

தகரம் தரையில் இழுபடும் சத்தம் கேட்டதும் தொப்பி வேலிக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

வெயில் மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த கரிய பறவைகள் மரத்துக்கு மரம் கூப்பிட்டுக்கொண்டன. நிழலில் கிடந்த புல் அதற்குள் விறைத்து, காலுக்குக் கீழே மொறுமொறுத்தது. சவேரியோ தகரத்தைப் புதுக்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு, "கொட்டகையில கயிறு இருக்கு, எடுத்துட்டு வா," என்றான். அவள் போனாள்.

கொட்டகையில் மண்ணெண்ணெய் வாசனையும் பழைய சாக்கின் வாசனையும். கயிறு ஆணியில் தொங்கியது. அதை எடுக்கக் கை நீட்டியபோது, மேல் தட்டில் வரிசையாக ஏதோ தெரிந்தது. செய்தித்தாளில் பொதிந்த பொட்டலங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கம்பளி நூல், சிவப்பு, மஞ்சள், ஊதா. எந்தக் கிழங்கு எந்த நிறம் பூக்கும் என்று தெரிய மிரெல்லா கட்டுகிற நூல். ரோசல்பா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். காய்ந்த, சுத்தமான டாலியாக் கிழங்கு.

அடுத்ததைப் பிரித்தாள். அதுவும்.

எல்லாமே அங்கே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் காலையில் அவள் எதை மிதித்தாள்?

கயிற்றை எடுக்காமல் வெளியே வந்தாள். சவேரியோ குழிக்குள் இறங்கி நின்று எதையோ சரிசெய்துகொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் வீட்டை நோக்கி நடந்தாள். ஓடக்கூடாது, ஓடினால் திரும்பிப் பார்ப்பான். கம்பிவலைக் கதவைத் திறந்தாள். கிறீச். அவன் திரும்பிப் பார்த்தான். தடுக்கவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர். மே மாதத்தில் இந்த ஊரில் எந்த வீட்டிலும் கணப்பு அணைந்திருக்காது; நோயாளி இருக்கிற வீட்டில் பகலும் இரவும் எரியும். இங்கே கணப்பின் சாம்பல் ஆறிப் பல நாளாகியிருந்தது. கூடத்தில் நடக்கும்போது காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஏனென்று குனிந்து பார்த்தாள். கூடத்துக் கம்பளத்தைக் காணோம். பலகை மட்டும் வெளிறிக் கிடந்தது.

"மிரெல்லா?"

படுக்கையறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. வெறும் சட்டம். தலையணை இல்லை. அம்மா கலாப்ரியாவிலிருந்து கொண்டுவந்த கம்பளி ரஜாய் இல்லை. சன்னல் மேடையில் மாத்திரைப் புட்டிகள் வரிசையாக, நிறைய, மூடி திறக்காமல்.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். தொட்டியில் சாற்றுப் பாத்திரம். அதன் பக்கத்தில் ஒரு புனல். நீளமான வாய் வைத்த புனல். உள்ளே கோழிக் கொழுப்பு இன்னும் மினுமினுத்தது.

காலையில் தன் கால்களுக்குக் கீழே இருந்த கதகதப்பு ரோசல்பாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த லேசான தள்ளல். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பேசி காரில் இருந்தது. கார் முன்வாசலில். கொல்லை வழியாகப் போகத் தேவையில்லை. இந்த வழியாகவே ஓடிவிடலாம், காவலர்களைக் கூப்பிடலாம்.

ஆனால் அவள் கொல்லைக்குத்தான் போனாள்.

மண்ணெல்லாம் நீலமாகிவிட்டிருந்தது. புல்லில், வேலியில், பூசணிகளின் முதுகில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. வேலிப் பக்கத்து மேடு மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதில் பனி ஒட்டவில்லை. குழாயின் மேல் கவிழ்த்திருந்த குவளையைச் சவேரியோ எடுத்துவிட்டிருந்தான். குழாயிலிருந்து ஆவி வந்தது.

நின்றது.

மறுபடி வந்தது.

"ரோசல்பா," என்று புதுக்குழியிலிருந்து மெல்லிய குரல் கூப்பிட்டது. "இருட்டுறதுக்குள்ள ஆகட்டும்."

அவள் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தாள். அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் அவன் மல்லாந்து படுத்திருந்தான். தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்கிற கறுப்புக் கோட்டு. கணுக்காலிலிருந்து இடுப்பு வரைக்கும், அத்திக் கிளையைக் கட்டுகிற அதே சுருக்கில், அவள் கொட்டகையில் எடுக்காமல் விட்ட கயிற்றைத் தானே கொண்டுவந்து சுற்றிக் கட்டியிருந்தான். மார்பு வரை சாக்கு. கழுத்தைச் சுற்றித் துண்டு. கையில் ஒரு குழாய்.

"அவளை என்ன பண்ணினே?"

"படுக்க வெச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றே? குளிர்காலத்தைத் தாண்டமாட்டான்னு அந்த டாக்டர் சொன்னப்ப நீயும்தான் பக்கத்துல இருந்தே. தாண்ட முடியாததை உங்கப்பா என்ன பண்ணுவாரு?"

"அவ மரம் இல்லடா, பாவி."

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்." அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் பைத்தியம் இல்லை, களைப்புதான் இருந்தது. "முதல் வாரம் நானும் இங்கயே படுத்து அழுதேன். அப்புறம் ஒருநாள் பசிக்குதுன்னா. உனக்குத் தெரியுமா, அவ சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு? இப்ப தினம் குடிக்கிறா. வலி இல்லையாம். ஆனா ராத்திரியில தனியாப் பயமா இருக்காம். கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் போகணும். என்னை நானே மூடிக்க முடியாதே. இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும்னு சொன்னேனில்ல?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மண் குவியலிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினாள். தோண்டினாள். தான் மிதித்து இறுக்கிய மண். ஒவ்வொரு வெட்டுக்கும் அது எதிர்த்தது. சருகு. சருகிலிருந்து புகை மாதிரி சூடு எழுந்தது. தகரம். அதன் விளிம்பில் விரலை விட்டு இழுத்தாள், விரல் கிழிந்தது, இழுத்தாள். கூடத்துக் கம்பளம். அதை விலக்கினாள். அம்மாவின் ரஜாய்.

அதை விலக்கக் கை வரவில்லை. பிறகு விலக்கினாள்.

மிரெல்லா தன் மெத்தைமேல் படுத்திருந்தாள். கன்னத்தில் சதை ஏறியிருந்தது. ஈஸ்டரில் பார்த்த அந்த எலும்பு முகம் இல்லை. சிகிச்சையில் கொட்டிப்போன தலைமுடி திரும்ப வளர்ந்திருந்தது, வெள்ளையாக, மெல்லியதாக, நீளமாக. ரோசல்பா அதைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. அது முடி இல்லை. அது தலையணையைத் துளைத்து, மெத்தையைத் துளைத்து, கீழே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. விரல் நுனிகளிலிருந்தும். காதுக்குப் பின்னாலிருந்தும்.

கண் திறந்தது.

"குளிருது, ரோசா."

"வந்துட்டேன்டி. அக்கா வந்துட்டேன். கார் நிக்குது. தலகாணி போட்டு வெச்சிருக்கேன், வா."

அவள் தங்கையின் தோளுக்கடியில் கையை விட்டுத் தூக்கினாள். நாற்றைப் பிடுங்குகிறபோது வருகிற சத்தம். பட்பட்டென்று, நுண்ணிய நுண்ணிய அறுபடல்கள். மிரெல்லா கத்தினாள். குரல் வரவில்லை, வாய் மட்டும் கத்தியது. உறைபனிக் காற்று அவள் முகத்தில் பட்ட இடமெல்லாம் தோல் சுருங்கிக் கறுத்தது. நெற்றி. மூக்கு. உதட்டின் ஓரம். முதல் பனி பட்ட தக்காளி இலை கறுக்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ரோசல்பாவுக்குத் தெரியும். பனி விழுகிற நேரத்தில் திறந்தது பிழைக்காது. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம் அது.

"பிடுங்காதே," என்றாள் மிரெல்லா. "மூடு."

"உன்னை எப்படிடி விட்டுட்டு..."

"காலையில மிதிச்சது நீதானே?" கறுத்த உதடு சிரித்தது. "நல்லா இருந்துச்சு. கதகதப்பா இருந்துச்சு. அதே மாதிரி மிதி."

ரோசல்பா அழுதாள். அழுதுகொண்டே தங்கையைக் கீழே கிடத்தினாள். ரஜாயைக் கழுத்து வரை இழுத்துச் செருகினாள். குளிர் நுழைகிற இடம். விரல் விட்டுப் பார்த்தாள். முகத்தையும் மூடினாள். குழாயைச் சரியாக வாய்க்கு நேரே வைத்தாள். கம்பளம். தகரம். சருகு. மண். மேட்டின் மேல் ஏறினாள். குதிகாலை முதலில் ஊன்றினாள். ஓரத்திலிருந்து உள்ளே. உள்ளேயிருந்து ஓரத்துக்கு. ஓர் இடம் விடவில்லை.

குழாயிலிருந்து ஆவி வந்தது. நின்றது. வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. கம்பளித் தொப்பி எழும்பியது. வெளிச்சம் கொல்லை முழுக்க விழுந்தது. புதுக்குழி மட்டும் மண் குவியலின் நிழலுக்குள் இருந்தது. க்வெண்டாவின் கையில் துணி மூடிய ஒரு தட்டு.

"கேக் கேட்டியே. அடக்கம் முடிஞ்சிதா?" என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இது, மரம் அப்படியே நிக்குது?"

ரோசல்பா மேட்டிலிருந்து இறங்கினாள். கையிலிருந்த ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, க்வெண்டா. முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

விளக்கு உள்ளே போகும் வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துக் குழிக்கு நடந்தாள். சவேரியோ அதற்குள் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவள் குனிந்து, அவன் கழுத்துத் துண்டைச் சரிசெய்தாள். சாக்கை இழுத்துவிட்டாள். தகரத்தைத் தள்ளினாள்.

இருள் முழுதாக இறங்கியபோது, கயிறு கட்டாத கிளைகளை விரித்துக்கொண்டு, யாரும் படுக்க வைக்காத அத்தி மரம் நடுவில் நின்றது. அதன் மேல் பனி வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒரு குழாய். ஒன்றிலிருந்து ஆவி வெளியே வரும்போது மற்றது இழுத்தது. இரண்டு மேடுகளையும் மாறி மாறி ரோசல்பா மிதித்துக்கொண்டிருந்தாள்.